மடியில் தொடங்கும் வாசிப்பு

நுழையும்முன்

எழுத்தைக் கற்ற பிறகே நூலைக் கையில் எடுக்க வேண்டும் என்பது நம்மிடம் ஊறிப்போன எண்ணம். ஆனால், நூலோடு பழகிய குழந்தைக்கே எழுத்து எளிதில் வசப்படுகிறது. அந்தப் பழக்கம் பள்ளியில் தொடங்குவதன்று. வீட்டில் ஒருவர் மடியில் தொடங்குவது. அதை எல்லா வீடுகளுக்கும் உரியதாக்குவது எவ்வாறு என்பதை இப்பாடம் விளக்குகிறது.

முதல் நூல் எது?

திருவாரூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையில், நெல்வயல்கள் சூழ அமைந்த ஊர் கீழ்வேளூர். நடவுக் காலத்தில் இப்பகுதிப் பெண்கள் பலர் காலையிலேயே வயலுக்குச் சென்றுவிடுவர். வீட்டிலிருக்கும் சிறு குழந்தைக்குப் பாட்டியோ, பள்ளிவிட்டு வரும் அக்காளோ அண்ணனோ துணை. இத்தகைய வீடுகளில் தாலாட்டுக்கும் கதைக்கும் விடுகதைக்கும் பஞ்சமில்லை. பஞ்சம் நூலுக்குத்தான்.

உழைத்து வாழும் குடும்பங்கள் பலவற்றில் குழந்தை தொடும் முதல் நூல் பள்ளிப் பாடநூலாகவே இருக்கிறது. அது வரும்போதே வீட்டுப்பாடமும் தேர்வும் உடன் வருகின்றன. நூல் என்றாலே பிழை கண்டு திருத்தும் ஒன்று என்னும் எண்ணம் அக்குழந்தைக்கு ஏற்படுகிறது. மூன்று வயதிலேயே படக்கதை நூலைப் புரட்டிச் சிரித்த குழந்தையோ நூலைத் தோழனாகக் கருதுகிறது. ஒரே வகுப்பில் அமரும் இவ்விருவருக்கும் இடையிலான தொலைவு அறிவினால் வந்ததன்று, வாய்ப்பினால் வந்தது.

செவிவழி வரும் நூல்மொழி

வாசிப்புக்கு முதற்படி கேட்டல். பெரியவர் படிக்கக் கேட்கும் குழந்தை பலவற்றை ஒருசேரக் கற்றுக்கொள்கிறது. தாளிலுள்ள கோடுகளுக்கு ஒலி உண்டு, வரி இடமிருந்து வலமாகச் செல்கிறது, பக்கத்தைப் புரட்டினால் கதை நகர்கிறது என்பனவற்றை யாரும் கற்பிக்காமலேயே உணர்கிறது.

தமிழ்க் குழந்தைக்கு இதில் மேலும் ஒரு நன்மை உண்டு. நம் மொழியில் பேச்சுவழக்கும் எழுத்துவழக்கும் வேறுபட்டு நிற்கின்றன. வீட்டில் ‘மழை வந்துச்சு’ என்று கேட்டுப் பழகிய குழந்தை, பாடநூலில் ‘மழை வந்தது’ என்பதைக் காண்கிறது. எழுத்தும் புதிது, சொல்வடிவமும் புதிது என்றால் சுமை இரட்டிப்பாகிறது. கதை கேட்டு வளர்ந்த குழந்தைக்கோ ‘வந்தது’, ‘சென்றான்’, ‘கூறினாள்’ போன்ற வடிவங்கள் செவிக்குப் பழகியவை. அதற்கு எழுத்து மட்டுமே புதிது. ஆகவே, எழுத்தறிவுக்கு முன்னதாகக் குழந்தைக்கு வேண்டுவது நூல்மொழியின் ஓசை.

மாட்டுவண்டியில் வந்த நூலகம்

நூல் இல்லாத வீட்டுக்கு நூலைக் கொண்டு சேர்ப்பது யார்? இவ்வினாவுக்குக் காவிரிப்படுகை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே விடை கண்டது.

‘இந்திய நூலகவியலின் தந்தை’ எனப் போற்றப்படும் சீ. இரா. அரங்கநாதன் 1892இல் சீர்காழியில் பிறந்தவர். கணிதம் கற்பித்து வந்த அவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். 1931இல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகள் உலகப் புகழ் பெற்றவை. நூல்கள் பூட்டிவைப்பதற்கு உரியவை அல்ல, பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதியின் கருத்து. ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் கிடைக்க வேண்டும் என்கிறது இரண்டாம் விதி.

அதே 1931ஆம் ஆண்டு, மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் ஒரு புதுமை நிகழ்ந்தது. பொறியாளர் கனகசபை என்பவரின் முயற்சியால், நூல்களைச் சுமந்த மாட்டுவண்டி ஒன்று சிற்றூர்களை நோக்கிப் புறப்பட்டது. நூலகத்தைத் தேடி மக்கள் வர இயலாவிட்டால் மக்களைத் தேடி நூலகம் செல்லட்டும் என்பதே அதன் நோக்கம். சீர்காழி, மன்னார்குடி, கீழ்வேளூர் ஆகிய மூன்றும் அன்று ஒரே தஞ்சை மாவட்டத்தில் இருந்த ஊர்கள் என்பது நினைக்கத்தக்கது.

பின்னர், 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. அதன்படி வீட்டுவரியுடன் நூலக வரியும் பெறப்படுகிறது. எனவே, வீட்டுவரி செலுத்தும் எளிய உழவரும் பொது நூலகத்துக்குப் பங்களித்தவரே. அங்குள்ள நூலைக் கேட்டுப் பெறுவது சலுகையன்று, உரிமை.

பிறநாட்டு முயற்சிகள்

மேலவாசல் வண்டி கற்பித்த பாடத்தைப் பிற நாடுகள் தம் வழியில் செயற்படுத்தின. அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவமனையில் 1989இல் மருத்துவர்கள் ஒரு திட்டத்தைத் தொடங்கினர். உடல்நலச் சோதனைக்கு வரும் குழந்தைகளுக்கு நூல் வழங்கி, அதைப் படித்துக்காட்டும் முறையைப் பெற்றோர்க்கு எடுத்துரைத்தனர். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் 1992இல் ‘புக்ஸ்டார்ட்’ என்னும் திட்டத்தின்கீழ், கைக்குழந்தைகள் உள்ள 300 குடும்பங்களுக்கு நூல்கள் வழங்கப்பட்டன. பின்னர் அது நாடெங்கும் பரவியது.

குடும்பம் வழக்கமாகச் செல்லும் இடத்திலேயே நூலும் காத்திருக்க வேண்டும் என்பது இவை உணர்த்தும் உண்மை. நம் ஊர்களில் அங்கன்வாடியும் ஆரம்ப சுகாதார நிலையமும் அத்தகைய இடங்களாகலாம். தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறை 2023இல் தொடங்கிய ‘வாசிப்பு இயக்கம்’, குழந்தைகளின் வாசிப்புத்திறனுக்கேற்ப நுழை, நட, ஓடு, பற என்னும் படிநிலைகளில் சிறுநூல்களைப் பள்ளிகளுக்கு வழங்கியிருப்பதும் இங்குக் கருதத்தக்கது.

எழுத்தறியாதவரும் படித்துக்காட்டலாம்

‘எனக்கே படிக்கத் தெரியாது; குழந்தைக்கு எப்படிப் படித்துக்காட்டுவேன்?’ என்று தயங்கும் பெற்றோர் உண்டு. அத்தயக்கம் தேவையில்லை. படநூலை விரித்து, ‘இந்த ஆடு எங்கே போகிறது? ஏன் ஓடுகிறது?’ என்று பாட்டி வினவினால் குழந்தை கதை கட்டத் தொடங்கும். பாட்டியின் கதைவளமும் நூலின் படமும் சேரும் அந்நேரம் முழுமையான வாசிப்பு நேரமே.

படித்துக்காட்டுவோர் மனங்கொள்ள வேண்டியவை சில. நாள்தோறும் பத்து நிமிடம் போதும். ஆனால், அதை விடாது கடைப்பிடிக்க வேண்டும். சொல்லின்மீது விரலை நகர்த்திப் படிப்பது நன்று. பக்கத்தைக் குழந்தையே புரட்டட்டும். ஒரே கதையைப் பத்துமுறை கேட்டாலும் சலிப்புக் காட்டலாகாது. திரும்பக் கேட்கும்போதுதான் சொற்கள் நெஞ்சில் பதிகின்றன. இடையில் எழுத்துகளைக் காட்டித் தேர்வு வைத்தால் கதை பாடமாகிவிடும். தாள் கிழிந்தால் அடிக்காமல், குழந்தையுடன் சேர்ந்து ஒட்ட வேண்டும்.

பகிர்ந்தால் பெருகும்

ஒரு வீட்டில் ஒரு நூல் இருந்தால் அது ஒரு நூலே. ஒரு தெருவில் பத்து வீடுகள் ஆளுக்கொரு நூல் வாங்கி, வாரந்தோறும் மாற்றிக்கொண்டால் ஒவ்வொரு வீட்டுக்கும் பத்து நூல்கள் கிடைக்கின்றன. பத்து வாரத்திற்குக் குழந்தைக்குப் புதுக்கதை உண்டு. இதற்குக் கட்டடம் வேண்டா. ஒரு பையும், எந்நூல் எவ்வீட்டில் உள்ளது என்று குறிக்க ஒரு குறிப்பேடும் போதும். வயலில் மடைதிறந்த நீர் ஒரு பாத்தியில் தேங்காமல் அடுத்த பாத்திக்குப் பாய்வதைப் போல, நூலும் வீட்டுக்கு வீடு செல்ல வேண்டும்.

உங்கள் பங்கு

இப்பாடத்தைப் படிக்கும் உங்களுள் சிலர், தம் குடும்பத்தில் மேனிலைக் கல்வி பயிலும் முதல் தலைமுறையினராக இருக்கலாம். உங்களுக்கு யாரும் கதைநூல் படித்துக்காட்டாமல் இருந்திருக்கலாம். அக்குறை உங்களோடு நின்றுவிட வேண்டும். உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ பள்ளி செல்லாத சிறு குழந்தை ஒன்று இருக்கும். ஊர்ப்புற நூலகத்திலிருந்து ஒரு படக்கதை நூலை எடுத்துச் செல்லுங்கள். இன்று மாலை அக்குழந்தையை அருகில் அமர்த்தி முதல் பக்கத்தை விரியுங்கள். அன்று மாட்டுவண்டி ஊர்வரை கொண்டுவந்த நூலை வீட்டுக்குள் கொண்டு சேர்ப்பது உங்கள் கையில் இருக்கிறது.