புசல்லாவைச் சரிவில் சங்கிலி வாள்

கம்பளைக்கு அப்பால், நுவரெலியா வீதியில், சுமார் மூவாயிரம் அடி உயரத்தில் உள்ளது புசல்லாவை. கோப்பிக் காலத்தில் இம்மலைநாட்டுக் காடுகளை வீழ்த்தியது கோடரியே. சரிவிலுள்ள மரங்களைப் பாதியளவு வெட்டி நிறுத்திவிட்டு, உச்சி மரங்களை மட்டும் முற்றாகச் சாய்ப்பார்கள். அவை கீழுள்ளவற்றின்மேல் விழ, ஒரு சரிவு முழுவதும் பேரிரைச்சலுடன் மடியும். அயற்கிராமத்துச் சிங்கள மக்களே பெரும்பாலும் அவ்வேலையில் வல்லவர்களாயிருந்தனர்.

கோடரியின் இடத்துக்கு இன்று பெற்றோலில் ஓடும் சங்கிலி வாள் வந்துவிட்டது. ஜெர்மனியில் அந்திரேயாஸ் ஸ்டீல் 1926இல் உருவாக்கிய வாள் மின்சாரத்தால் ஓடியது. அதைப் பிடிக்க இருவர் வேண்டும். இப்போது ஒருவரே போதும். கடை முற்றத்தில் காய்ந்த கட்டையொன்றை அரிந்து காட்டினால் எந்தப் புதிய வாளும் நல்ல வாள்தான்! மலைக்குக் கொண்டுபோனால் அல்லவா அதன் குணம் தெரியும்?

உயரத்தில் காற்று மெலிந்தது. கொழும்பில் திருத்திய காபரேட்டர் இங்கே காற்றுக்கு மிஞ்சிய பெற்றோலை ஊட்டும். யந்திரம் புகை கக்கி வலுவிழக்கும். ஆகவே இங்கேயே அதைத் திருத்தியபின் அரிந்து பார்க்கவேண்டும். தேயிலைக்கு நிழல் தரும் சவுக்கு, அதாவது கிரவிலியா, ஒருவிதம். முற்றிய யூக்கலிப்டஸ் வேறுவிதம். இரண்டையும் பச்சையாகவும் உலர்ந்தும் அரியவேண்டும். வேரடியில் மண் ஒட்டியிருந்தால் சங்கிலியின் பற்கள் விரைவில் மழுங்கும்.

எனினும் வாளின் வேகத்தைவிட அதைப் பிடிக்கும் மனிதனே முக்கியம். வாள்நுனியின் மேற்பாகம் மரத்தில் பட்டால், கண்ணிமைக்குமுன் வாள் முகத்தை நோக்கி எழும். மழையில் வழுக்கும் சரிவில் விலகவும் இடமிராது. முன்கைக் காப்பு தள்ளப்பட்ட கணமே சங்கிலி நிற்கிறதா? ஒவ்வொரு காலையிலும் வேலைக்கு முன் இதைப் பார்த்தல் வேண்டும். நனைந்த கையுறையுடன் பிடி நழுவுகிறதா என்பதையும் கவனிக்கவேண்டும்.

அதிர்வு மெல்லக் கொல்லும் பகை. 1960களில் பல நாடுகளின் காட்டுத் தொழிலாளரிடம், விரல்கள் வெளிறி மரத்துப்போகும் நோய் கண்டறியப்பட்டது. குளிர்ந்த காலையில் அது மிகும். மலைநாட்டாருக்கு இதைச் சொல்லவேண்டுமா? அதன்பின்னரே அதிர்வைத் தாங்கும் இறப்பர்களும் சுருள்வில்களும் பிடிகளுக்கு வந்தன. அவை பயன்தருகின்றனவா என்பதை ஐந்து நிமிடப் பரீட்சை காட்டாது. நாள் முழுதும் வேலை செய்தவரிடம் மாலையில் சட்டைப் பொத்தானைப் பூட்டச் சொல்லிப் பாருங்கள்.