‘நம்ம ஊர் ரூல்ஸா, உங்க ஊர் ரூல்ஸா?’ பிடித்த விளையாட்டுக்குப் புதுப் பதிப்பு வந்தால் என்ன செய்வது?

பொங்கல் லீவுக்குச் சுருளிப்பட்டி வந்து இறங்கும் பிள்ளைகள் முதல் நாள் சுருளி அருவிக்குப் போவார்கள். இரண்டாம் நாள் திராட்சைத் தோட்டத்தில் பந்தலுக்கு அடியில் நின்று செல்ஃபி எடுப்பார்கள். மூன்றாம் நாள் சாப்பாடு முடிந்ததும் திண்ணையில் சாக்பீஸால் கட்டம் போட்டுத் தாயம் உருட்ட உட்காருவார்கள். சண்டை ஆரம்பிப்பது அப்போதுதான்.

“அத்தை, நான் உள்ள போறேன்.”

“எங்கிட்டு போற? ஒரு காயைக் கூட வெட்டலையே. வெட்டாம உள்ள போக முடியாது.”

“எங்க வீட்டுல அப்படியெல்லாம் இல்ல அத்தை.”

“அது உங்க ஊரு. இங்க இதுதான் கணக்கு.”

தாயம் விழுந்தால் காய் இறக்கலாம், 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடியும் உருட்டலாம், மலையில் நிற்கும் காயை வெட்ட முடியாது. இதுவரைக்கும் பெரும்பாலும் எல்லா ஊரும் ஒத்துப்போகும். அதற்கு மேல் ஊருக்கு ஒரு கணக்கு, தெருவுக்கு ஒரு கணக்கு. அதனால்தான் கட்டையைக் கையில் எடுப்பதற்கு முன்பே, ‘எந்த ரூல்ஸ்?’ என்று பேசி வைத்துக்கொள்வது நம் வழக்கம்.

அத்தைக்கும் மருமகளுக்கும் திண்ணையில் நடக்கும் இதே சண்டைதான், உலகம் முழுக்க உள்ள ஒரு விளையாட்டு ரசிகர் கூட்டத்துக்குள்ளும் நடந்துகொண்டிருக்கிறது. அந்த விளையாட்டின் பெயர் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. சுருக்கமாக, டி அண்ட் டி.

கதை சொல்லியே ஆடும் ஆட்டம்

‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ வெப் சீரிஸ் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அதில் நான்கு சிறுவர்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவார்களே, அதே ஆட்டம்தான். ஒருவர் கதையை நடத்துவார். அவருக்குப் பெயர் டஞ்சன் மாஸ்டர். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கதாபாத்திரம் எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் போர்வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடர். “குகை வாசலில் ஒரு பூதம் படுத்திருக்கிறது. என்ன செய்யப் போகிறீர்கள்?” என்று அவர் கேட்பார். “சத்தம் போடாமல் தாண்டிப் போகிறேன்” என்று நீங்கள் சொல்லலாம். முடிந்ததா இல்லையா என்பதை 20 பக்கம் கொண்ட பகடை சொல்லும்.

தாயம் ஒரு மதியத்தில் முடிந்துவிடும். இது அப்படி முடியாது. ஒரே கதையை வாரம் ஒரு நாள் என்று மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஆடுபவர்கள் உண்டு. அந்தக் கதாபாத்திரத்துக்குப் பெயர், ஊர், குடும்பம், தழும்பு எல்லாம் இருக்கும். அது செத்துப்போனால் மேசையில் நிஜமாகவே கண்ணீர் விடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இந்த விளையாட்டை கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கினார்கள். 1974-ல் முதல் பதிப்பு 1,000 பிரதிகள் அச்சானது. அதன் பிறகு 1989, 2000, 2008, 2014 என்று விதிகள் மாறி மாறிப் புதுப் பதிப்புகள் வந்தன. இந்த மாற்றங்கள் சில நேரம் தலைகீழாகவும் இருந்திருக்கின்றன. பழைய பதிப்புகளில் கவசத்துக்கான எண் குறையக் குறையப் பாதுகாப்பு அதிகம். 2000-ல் வந்த 3-ம் பதிப்பு அதை அப்படியே திருப்பிப் போட்டது. எண் கூடினால்தான் நல்லது. 20 வருடம் ஆடியவர்கள்கூட முதல் சில வாரம் குழம்பித்தான் போயிருப்பார்கள்.

2024-ல் என்ன மாறியது?

2024 செப்டம்பரில் ஆட்டக்காரர்களுக்கான புதிய விதிப் புத்தகம் வந்தது. நவம்பரில் கதை நடத்துபவருக்கான புத்தகம், 2025 பிப்ரவரியில் பூதங்கள், மிருகங்கள் பற்றிய புத்தகம். இதை வெளியிடும் ‘விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட்’ நிறுவனம் இதற்கு 6-ம் பதிப்பு என்று பெயர் வைக்கவில்லை. 2014-ல் வந்த 5-ம் பதிப்பின் திருத்தம் என்றே சொன்னது. பழைய சாகசக் கதைப் புத்தகங்களைப் புது விதியோடும் ஆடலாம் என்றும் சொன்னது.

மாற்றங்களில் சில இவை.

* காயம் ஆற்றும் அடிப்படை மந்திரத்துக்கு முன்பு 8 பக்கப் பகடை ஒன்று. இப்போது இரண்டு.
* சண்டைக்கு நடுவே மருந்து குடிக்க முன்பு அந்த முறையின் முக்கியச் செயலையே செலவழிக்க வேண்டும். இப்போது குடித்துவிட்டு வாளையும் வீசலாம்.
* கதாபாத்திரத்தின் பிறப்புக்கு ஏற்பக் கிடைத்த கூடுதல் பலம், இப்போது அவர் வளர்ந்த சூழல், செய்த தொழிலுக்கு ஏற்பக் கிடைக்கிறது.
* வாள், கோடரி, ஈட்டி என ஒவ்வோர் ஆயுதத்துக்கும் தனித்தனித் திறமை சேர்ந்திருக்கிறது.

படித்தால் எல்லாமே நல்ல மாற்றங்களாகத்தான் தெரிகிறது. பிறகு ஏன் சண்டை?

கேட்காமல் மாற்றினால் கோபம் வரும்

2024 ஆகஸ்டில் நடந்த ஒரு சம்பவம் இதற்குப் பதில் சொல்லும். இந்த விளையாட்டுக்கென ‘டி அண்ட் டி பியாண்ட்’ என்ற இணையதளமும் செயலியும் உண்டு. ஆட்டக்காரர்கள் தங்கள் கதாபாத்திரத்தின் விவரங்களை அதில்தான் சேமித்து வைப்பார்கள். பழைய மந்திரங்கள், பொருள்கள் இருக்கும் இடத்தில் இனிமேல் புதுப் பதிப்பில் உள்ளவை வந்துவிடும் என்று நிறுவனம் அறிவித்தது. காசு கொடுத்து வாங்கிய பழைய விதி, பாதிக் கதையில் தானாக மாறிவிடும் என்று அர்த்தம். ரசிகர்கள் கொதித்தார்கள். சில நாள்களிலேயே நிறுவனம் பின்வாங்கியது. பழைய மந்திரங்கள் அப்படியே இருக்கும் என்று அறிவித்தது.

விதி மாறுவதை விட, தன்னைக் கேட்காமல் மாறுவதுதான் மனிதர்களை அதிகம் காயப்படுத்துகிறது. திண்ணையில் அத்தை கோபப்படுவதும் அதற்குத்தான். ‘மாத்தலாமா’ என்று முதலிலேயே கேட்டிருந்தால் அத்தையே ஒப்புக்கொண்டிருப்பார்.

பழசே போதும் என்று நின்றவர்களும் உண்டு. 2008-ல் வந்த 4-ம் பதிப்பு பலருக்குப் பிடிக்கவில்லை. அதற்கு முந்தைய பதிப்பின் விதிகளை அடிப்படையாக வைத்து, ‘பைசோ’ என்ற வேறொரு நிறுவனம் 2009-ல் ‘பாத்ஃபைண்டர்’ என்ற விளையாட்டை வெளியிட்டது. பழைய ரசிகர்கள் அங்கே போனார்கள். அது இன்றும் வெற்றிகரமாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால், ஒரே மேசையில் ஆடிய நண்பர்கள் இரண்டு மேசைகளாகப் பிரிந்ததும் அப்போது நடந்தது.

நம் நாட்டில் மாறிய ஆட்டம்

விதி மாற்றத்தின் வலியும் பலனும் இந்தியர்களுக்கு நன்றாகவே தெரியும். சதுரங்கத்தில் நாம் அதைப் பார்த்திருக்கிறோம்.

ஒரு காலத்தில் நம் வீடுகளில் ஆடிய சதுரங்கத்தில், சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் போகும். இன்று இருப்பதுபோல் ராஜாவும் யானையும் இடம் மாறும் கோட்டை கட்டுதல் கிடையாது. அதற்குப் பதிலாக ராஜா ஒரே ஒரு முறை குதிரை போலத் தாவலாம். கடைசி வரிசையை எட்டிய சிப்பாய், அந்த வரிசைக்கு உரிய காயாகத்தான் மாறும். இதிலும் ஊருக்கு ஊர் வித்தியாசம் இருந்தது.

இந்த விதிகளில் வளர்ந்தவர்தான் பஞ்சாபைச் சேர்ந்த மிர் சுல்தான் கான். சர் உமர் ஹயாத் கான் என்ற ஜமீன்தார் அவருக்கு ஐரோப்பிய விதிகளைக் கற்றுக்கொள்ள ஏற்பாடு செய்தார். 1928-ல் அகில இந்தியப் போட்டியில் வென்ற சுல்தான் கான், 1929-ல் லண்டன் போனார். தொடக்க நகர்வுகள் பற்றி ஐரோப்பியர்கள் புத்தகம் புத்தகமாகப் படித்திருந்தார்கள். அவருக்கு அது எதுவும் தெரியாது. அங்கே ஆடிய பயிற்சிப் போட்டியில் திணறினார். ஆனால் அதே ஆண்டு பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். 1932, 1933-லும் அந்தப் பட்டம் அவருக்கே. முன்னாள் உலக சாம்பியன் கபாபிளாங்காவையே தோற்கடித்தார். பிறகு ஊர் திரும்பியவர், சர்வதேச மேடையை விட்டு விலகிவிட்டார். 1966-ல் இறந்தார். அவருக்கு ‘கௌரவ கிராண்ட்மாஸ்டர்’ பட்டத்தை உலக செஸ் கூட்டமைப்பு கொடுத்தது 2024-ல்தான்.

தமிழ்நாட்டிலும் இந்த மாற்றத்தை முன்னின்று நடத்திய ஒருவர் உண்டு. 1961-ல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆன மேனுவல் ஆரோன். 1960-கள் வரைகூட இந்தியாவில் பல இடங்களில் நாட்டு விதியில்தான் சதுரங்கம் ஆடினார்கள். சர்வதேச முறை இங்கே பரவியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. சென்னையில் சோவியத் கலாசார மையத்தில் 1972-ல் தொடங்கிய ‘தால் செஸ் கிளப்’பில்தான் சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் ஆடிப் பழகினார். 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2022-ல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட், 2024 டிசம்பரில் குகேஷ் உலக சாம்பியன் என்று அந்தப் பாதை நீண்டது.

விதியை மாற்றியது லாபம்தான், சந்தேகமில்லை. ஆனால் ராஜாவைக் குதிரை போலத் தாவவிட்டு ஜெயித்த தாத்தாக்களின் திறமை யாருக்கும் தேவைப்படாமல் போனதும் உண்மை. அந்த ஆட்டம் தெரிந்தவர்களை இன்று விரல்விட்டு எண்ணலாம்.

இதே போன்ற ஒரு நேரத்தில், ஸ்பெயினில் ஒருவர் அழகான வேலை ஒன்றைச் செய்தார். 15-ம் நூற்றாண்டின் கடைசியில், ஒரு கட்டம் மட்டுமே நகர்ந்த ராணிக்குப் பலகை முழுக்கப் பாயும் பலம் கிடைத்தது. 1497-ல் செஸ் புத்தகம் எழுதிய லூசேனா, அதில் புது விதிப் புதிர்களையும் வைத்தார், பழைய விதிப் புதிர்களையும் வைத்தார். வாங்குகிறவர் எந்த ஆட்டம் ஆடுகிறாரோ, அதைப் படித்துக்கொள்ளலாம்.

மாறுவதென்றால் எப்படி மாறுவது?

பள்ளிக்கூட நண்பர்கள் இன்று ஒருவர் கம்பத்தில், ஒருவர் மதுரையில், ஒருவர் பெங்களூரில் இருக்கலாம். பலகையோ காயோ இல்லாமல் வீடியோ காலிலேயே ஆட முடிகிற விளையாட்டு இது. அப்படி ஒரு குழு சேர்ந்து, நடுவில் புதுப் பதிப்பும் வந்துவிட்டால் என்ன செய்யலாம்?

1. நடுக்கதையில் மாற்ற வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் கதையைப் பழைய விதியிலேயே முடியுங்கள். அடுத்த கதையைப் புதிதில் தொடங்கலாம்.

2. ஒரு நாள் வெள்ளோட்டம். ஒரே அமர்வில் முடிகிற சின்னக் கதையைப் புது விதியில் ஆடிப் பாருங்கள். பிடித்ததா என்று அதன் பிறகு பேசலாம்.

3. உடனே காசு செலவழிக்க வேண்டாம். புது விதிகளின் அடிப்படைப் பகுதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. 2025 ஏப்ரலில், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தும் உரிமத்திலும் அதை வெளியிட்டார்கள். கற்றுக்கொள்ள அது போதும்.

4. ஒரு மேசைக்கு ஒரு விதி. ஒரே மந்திரத்துக்கு ஒருவர் பழைய கணக்கும் இன்னொருவர் புதுக் கணக்கும் வைத்தால், கதை நின்று வழக்கு தொடங்கிவிடும். எதை எடுத்துக்கொள்கிறோம் என்பதை வாட்ஸ்அப் குரூப்பில் எழுதி வைத்துவிடுங்கள்.

5. கதாபாத்திரம் அதன் சொந்தக்காரருடையது. புது விதியில் ஒருவரின் வீரர் பலம் குறைந்தவராகத் தெரியலாம். அவரிடம் தனியாகப் பேசுங்கள். அவருக்குப் பிடித்த ஒரு பழைய திறமையை மட்டும் விட்டுக்கொடுப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை.

6. பழைய புத்தகத்தை எடைக்குப் போட வேண்டாம். அதில் உள்ள கதைகள் இன்னும் உதவும். கொல்கத்தாவைச் சேர்ந்த எழுத்தாளர் மிமி மண்டல், வங்காளப் பண்பாட்டை ஒட்டி எழுதிய சாகசக் கதை ஒன்று 2022-ல் வந்த தொகுப்பில் இருக்கிறது. பழைய விதிக் காலத்துப் புத்தகம்தான். ஆனால் புது விதியிலும் அதை ஆடலாம்.

சுருளிப்பட்டித் தோட்டக்காரர்களுக்கு இது புரியாத விஷயமல்ல. கவாத்து செய்தால்தான் திராட்சையில் புதுத் துளிர் வந்து காய் பிடிக்கும். ஆனால் எந்தக் கிளையை எங்கே வெட்டுவது என்று தெரிந்தவர்தான் கத்தரியை எடுக்க வேண்டும். அடிக்கொடியில் யாரும் கை வைப்பதில்லை.

இந்த விளையாட்டின் அடிக்கொடி, வாரம் ஒரு நாள் மறக்காமல் வந்து உட்காரும் அந்த நான்கைந்து பேர்தான். ‘புது விதி எனக்குப் புரியலப்பா, நீங்க ஆடுங்க’ என்று அவர்களில் ஒருவர் எழுந்து போனால், எவ்வளவு நல்ல விதி வந்தும் பயனில்லை. அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து இரண்டு வாரம் சேர்ந்து ஆடினால் அவருக்கும் பிடிபட்டுவிடும்.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது தாயக்கட்டையை எடுங்கள். முதல் ஆட்டம் அத்தையின் கணக்கில். இரண்டாவது ஆட்டம் உங்கள் கணக்கில். வெட்டாமல் உள்ளே போகலாமா, கூடாதா என்பதை மூன்றாவது ஆட்டத்துக்கு முன்னால் பேசி முடிவு செய்துகொள்ளலாம்.