குழாயை நிறுத்தி வை

பனையும் மூங்கிலும் தாங்கிய கூரைகளை இன்று இரும்புக் குழாய்கள் தாங்குகின்றன. எடையையும் கிரேடையும் கேட்டு வாங்குகிறவர்கள் வடிவத்தைக் கேட்பதில்லை.

வெள்ளறடை வழியாக அம்பூரிக்குப் போகும் சாலையில் ரப்பர் தோட்டங்களுக்கு அடுத்தபடியாகக் கண்ணில் படுவது கூரைக்கு மேல் கூரை. இரண்டு பருவமழையும் கொட்டும் அகஸ்தியமலை அடிவாரம் இது. ஒழுகும் கான்கிரீட் மொட்டைமாடியைக் காப்பாற்ற இரும்புக் குழாய்ச் சட்டமும் தகரமும் போட்டுவிடுகிறார்கள்.

குழாய் வாங்கும்போது பேரம் இரண்டு விஷயங்களில் நடக்கிறது: கிலோ என்ன விலை, கிரேடு என்ன? 210, 240, 310 என்று இந்தியத் தர நிர்ணயத்திலேயே வகைகள் உண்டு. அதிக விலை கொடுத்து 310 வாங்கினால் கூரை தொய்யாது என்பது பொதுவான நம்பிக்கை. அது தவறு. கிரேடு ஏறினால் நிரந்தரமாக வளைந்துபோகும் எல்லைதான் உயரும். சுமைக்கு எவ்வளவு தொய்யும் என்பதில் எல்லா எஃகும் ஏறக்குறைய ஒன்றே. அலுமினியமோ, அதே அளவுக்கு மூன்று மடங்கு தொய்யும்.

மீதியைத் தீர்மானிப்பது வடிவம். பாடப்புத்தகம் இதை நிலைமத் திருப்புத்திறன் என்கிறது. பொருள் எதுவானாலும் இந்த எண் மாறாது. குறுக்கு வெட்டின் பரப்பு நடு அச்சிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதே கணக்கு. 50 மி.மீ. சதுரமும் 2 மி.மீ. கனமும் உள்ள குழாய் மீட்டருக்கு 3 கிலோ. அதே 3 கிலோ இரும்பைக் கெட்டியான சதுரக் கம்பியாக்கினால் விறைப்பு பன்னிரண்டில் ஒரு பங்காகிவிடும். 100க்கு 50 குழாயைப் படுக்க வைத்து வெல்டிங் செய்தால், நிறுத்தி வைத்ததைப்போல் மூன்று மடங்கு தொய்யும். செலவில் ஒரு பைசா வித்தியாசமில்லை. இருந்தும் படுத்த குழாய்களை எத்தனையோ கூரைகளில் பார்க்கலாம்!

பழைய தச்சர்கள் இந்த எண்ணைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் பனையைப் பிளந்து, சோறு போன்ற உள்பகுதியைச் செதுக்கி எறிந்து, கருத்த வைரத்தை மட்டும் கழுக்கோலாக்கி நிறுத்தி வைத்தார்கள். மூங்கிலுக்கு அந்தச் செதுக்கலும் தேவையில்லை. நடுவில் வெற்றிடம், நசுங்காமலிருக்க இடையிடையே கணு.

குழாய்க்குக் கணு இல்லை என்பதுதான் சிக்கல். அதே இரும்பை மேலும் மேலும் மெல்லிய சுவராக்கி அகலப்படுத்தினால் கணக்கில் விறைப்பு கூடும். ஆனால் ஒரு கட்டத்தில் குழாய் தொய்வதற்கு முன்பே சுவர் மடங்கிவிடும், வெல்டிங்கிலும் ஓட்டை விழும். மழை ஊரில் துருவும் சேர்ந்துகொள்கிறது. வாய் அடைக்காத குழாயில் நீர் புகுந்தால் உள்ளிருந்தே அரிக்கும். 2 மி.மீ. சுவரில் அரை மி.மீ. போனால் இரும்பில் கால் பங்கு போச்சு. வெளியே பெயின்ட் பளபளப்பாகவே இருக்கும்.

தூண்களைக் குறைத்து மிச்சம் பிடிப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 10 அடி இடைவெளியை 20 அடியாக்கினால், அதே குழாய், அதே தகரம், தொய்வு 16 மடங்கு.