கடலோரத்துக் கலைச்சொற்கள்

தமிழில் சாஸ்திரம் எழுத முடியுமா என்ற கேள்வி இன்று நேற்று எழுந்ததன்று. 1916ஆம் வருஷத்திலேயே சேலத்தில் ராஜாஜியும் அவருடைய நண்பர்களும் ஒரு சங்கம் அமைத்து, சாஸ்திரங்களுக்குத் தமிழ்ப் பரிபாஷை உண்டாக்க முற்பட்டனர். அதன் பிறகு அறிஞர் பலர் அகராதிகளைப் புரட்டி எத்தனையோ பதங்களை அமைத்துத் தந்திருக்கிறார்கள். அவர்களுடைய உழைப்பை நாம் போற்றுகிறோம். எனினும், கடலைப் பற்றிய சாஸ்திரம் எழுதப் புகுவோர் அகராதியைத் திறப்பதற்கு முன் கடற்கரைக்கு ஒரு முறை போய் வருவது நலம் என்பது நமது தாழ்மையான அபிப்பிராயம்.

முதலில் கட்டுமரத்தையே எடுத்துக் கொள்வோம். கனமற்ற மரங்கள் சிலவற்றைச் சேர்த்துக் கயிற்றால் கட்டுவதனால் அதற்கு அந்தப் பெயர். அலை மேலே புரண்டாலும் மரங்களின் இடுக்கு வழியாக நீர் வடிந்து விடும். ஆகவே அது மூழ்குவதில்லை. கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை உலர்த்தி விடலாம். வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கில மாலுமி 1697இல் வெளியிட்ட யாத்திரை நூலில் இந்தச் சொல் இடம் பெற்றிருக்கிறது. பிற்காலத்தில், பசிபிக் தீவுவாசிகளின் முறையில் இரண்டு ஓடங்களை இணைத்துச் செய்த படகுக்கு மேல்நாட்டார் ‘கட்டமரான்’ என்று பெயரிட்டு விட்டார்கள். இன்று உலகமெங்கும் அப்பெயர் வழங்குகிறது. பெயர் நம்முடையது; பொருள்தான் வேறு!

நாம் கொடுத்தது போலவே வாங்கியும் இருக்கிறோம். ‘நங்கூரம்’ பாரசீகத்திலிருந்து வந்தது. ‘சுக்கான்’ அரபுச் சொல். ‘மாலுமி’யும் அரபு நாட்டாரிடமிருந்து பெற்றதே, அம்மொழியில் அதன் மூலச் சொல்லுக்கு ‘போதிப்பவன்’ என்று பொருள். உபாத்தியாயத் தொழிலில் இருக்கும் நமக்கு இதில் ஒரு தனிச் சந்தோஷம் உண்டு. இவற்றையெல்லாம் அந்நியச் சொற்கள் என்று தள்ளிவிட யார் துணிவார்கள்? துறைமுகத்தில் பிற நாட்டுக் கப்பலைத் தடுக்காத ஜனங்கள் பிற நாட்டுச் சொல்லையும் தடுக்கவில்லை.

இனி அளவைப் பார்ப்போம். கடலின் ஆழத்தை நம் மீனவர் ‘பாகம்’ என்ற கணக்கில் சொல்வார்கள். இரு கைகளையும் அகல விரித்தால் ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனி வரை உள்ள நீளமே ஒரு பாகம். ஏறக்குறைய 6 அடி. ஆங்கிலேயர் ஆழத்துக்கு வைத்திருக்கும் ‘பாதம்’ என்ற அளவும் 6 அடிதான். அந்தப் பழஞ் சொல்லுக்கும் விரித்த கைகள் என்றே பொருள். ஈயக் குண்டு கட்டிய கயிற்றைக் கடலில் விட்டு, மேலே இழுக்கும்போது கைகளால் அளந்தவர்கள் எந்த நாட்டவரானாலும் ஒரே அளவைத்தானே கண்டிருக்க முடியும்?

காற்றுக்கு வருவோம். வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்குக் காற்று கொண்டல், மேல்காற்று கோடை. இவை ஏட்டில் உள்ளவை. மேல்காற்றைக் கச்சான் என்று சொல்லும் கரையோரங்கள் உண்டு. யாழ்ப்பாணத்தார் தென்காற்றைச் சோழகம் என்பர். காற்று வரும் திசையைக் கொண்டு பெயரிடும் இந்த முறைதான் வானிலை சாஸ்திரத்தின் முறையும். நீரோட்டத்துக்கோ விஞ்ஞானிகள் அது போகும் திசையைச் சொல்வார்கள். வடகாற்றும் தென்னோட்டமும் ஒரே பக்கம் செல்பவை என்பதை மாணாக்கர் மனத்தில் பதிய வைப்பது எளிதன்று.

மன்னார் வளைகுடாவில் கடலடியிலுள்ள பாறைத் திட்டுக்களுக்குப் ‘பார்’ என்று பெயர். முத்துச் சிப்பி வாழ்வது அங்கேதான். தூத்துக்குடிக் கடலில் ‘தோலாயிரம் பார்’ பிரசித்தமானது. ஆங்கிலத்தில் எழுதிய ஆராய்ச்சியாளர்களும் இப்பெயரை மாற்றாமல் அப்படியே கையாண்டார்கள். 1961ஆம் வருஷத்தோடு அங்கே முத்துக்குளிப்பு நின்று போயிற்று. 1973இல் தூத்துக்குடி ஆராய்ச்சிக்கூடத்தில் சிப்பிக்குள் முத்து விளைவித்தார்கள். தண்ணீருக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத பாரை மீனவர் கண்டுபிடிக்கும் விதம் ஆச்சரியமானது. கரையிலுள்ள கோபுரத்தையும் அதற்குப் பின்னாலுள்ள மலைமுகட்டையும் ஒரே நேராகப் பார்த்து ஒரு கோடு. வேறு பக்கத்தில் அதே விதமாக மற்றொரு கோடு. இரண்டும் சந்திக்கும் இடத்தில் வலை இறங்கும். க்ஷேத்திர கணிதம் இதைவிட வேறென்ன கற்பிக்கிறது?

பிராணிகளின் பெயர்களிலும் இவ்விதமே. ‘திமி’ என்னும் பெருமீனையும் விழுங்குவது என்ற கற்பனையில் பிறந்தது ‘திமிங்கிலம்’. அது மீனே அன்று என்பதை இன்று சிறுவரும் அறிவர். கடற்கரையாரோ கடலடிப் புல்லை மேய்ந்து, குட்டிக்குப் பால் கொடுத்து, மூச்சு விட மேலே வரும் ‘ஆவுளியா’வைக் கடற்பசு என்றும் அழைத்தார்கள். சாஸ்திரம் சொல்லும் லக்ஷணம் பெயரிலேயே அடங்கி விட்டது. 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை அதன் பாதுகாப்புக்கென்று தமிழ்நாட்டு அரசாங்கம் ஒதுக்கியபோது, அந்தப் பெயரையே அதற்கு வைத்தது. ‘ஓங்கில்’ என்னும் அழகான சொல்லுக்கோ அந்தப் பாக்கியம் இல்லை. பாடப் புத்தகத்தில் அது ‘டால்பின்’ ஆகிவிட்டது.

சொல் விஷயம் உயிர் விஷயமாகவும் ஆகலாம். துறைமுகங்களில் புயல் வருவதை அறிவிக்கக் கூம்பு வடிவிலும் உருளை வடிவிலும் கூடைகளை ஏற்றுவார்கள். இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். 1 முதல் 11 வரை எண்கள் உண்டு. ஜனங்கள் அதற்குக் ‘கூண்டு’ என்று பெயரிட்டார்கள். 10ஆம் எண் கூண்டு என்றால் பேரபாயம்; 11ஆம் எண் என்றால் வானிலை நிலையத்தோடு தொடர்பே அறுந்து விட்டது என்று அர்த்தம். படிப்பில்லாத கிழவிக்கும் இது விளங்கும். காற்றின் வேகத்தை ‘நாட்’ கணக்கில் வாசித்து, அது மணிக்கு 1852 மீட்டர் என்று விளக்கிக் கொண்டிருந்தால், கேட்பவன் அதற்குள் படகைத் தள்ளிவிட மாட்டானா?

யந்திரப் படகும் திசை காட்டும் கருவியும் வந்த பின் பழஞ் சொற்கள் ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன. கருவிகள் வர வேண்டியவையே. ஆனால் தகப்பன் பேசும் கடல் மொழி அறிவல்ல என்று எண்ணிக் கொண்டு மீனவச் சிறுவன் வகுப்பில் தலைகுனிந்து உட்காருவது நமக்குப் பெரிய நஷ்டம். கரையோரப் பள்ளிகளின் ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, மாணாக்கர் வீட்டுப் பெரியவர்களிடமிருந்து காற்று, ஓட்டம், மீன், வலை இவற்றின் பெயர்களைக் கேட்டு எழுதி வந்தால் போதும். அந்தப் பக்கங்களை நிரப்பத் தெரிந்தவர்கள் பலருக்கு வயது எழுபதைத் தாண்டி விட்டது. காரியத்தை அடுத்த விடுமுறைக்கு என்று ஒத்திப் போட இடமில்லை.