வளரும் உடல் – 9: வயதோடு மாறும் தூக்கம்

பிறந்த குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்குகிறது. அதில் ஏறத்தாழப் பாதி, பெரியவர்களுக்குக் கனவு வரும் நேரத்துத் தூக்கத்தை ஒத்தது. மூடிய இமைக்குள் விழிகள் அங்குமிங்கும் ஓடும். மூச்சு சில நொடி வேகமெடுக்கும், சில நொடி நின்றாற்போல் இருந்து மறுபடி தொடரும். விரல்கள் மடங்கி விரியும், உதடு சுழியும், திடீரென்று ஒரு சிரிப்பு வரும், பின்னாலேயே ஒரு சிணுங்கல். 'நரி மிரட்டுது' என்று பாட்டிமார் சொல்வது இந்தக் கட்டத்தைத்தான். குழந்தை விழித்துவிட்டதென்று எண்ணிப் பலர் இந்த நேரத்தில் அதை வாரி எடுத்துவிடுகிறார்கள். ஓரிரு நிமிடம் கை வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தால், பெரும்பாலும் அது தானாகவே அமைதியான தூக்கத்துக்குள் போய்விடும்.

விழி ஓடும் இந்தத் தூக்கத்தை அறிவியல் கண்டுகொள்ளக் குழந்தைகளே காரணம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் நதானியல் கிளைட்மனிடம் ஆய்வு மாணவராக இருந்த யூஜின் அசெரின்ஸ்கி, முதலில் தூங்கும் பச்சிளங்குழந்தைகளின் கண்ணசைவைக் கவனித்தார். பிறகு தம் எட்டு வயது மகன் ஆர்மண்டின் தலையிலும் கண்ணோரத்திலும் மின்முனைகளை ஒட்டித் தூக்கத்தைப் பதிவு செய்தார். கிளைட்மனும் அவரும் 1953இல் வெளியிட்ட கட்டுரை, தூக்கத்தில் மூளை ஓய்ந்து கிடக்கிறது என்ற பழைய எண்ணத்தை அசைத்தது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளிடம் இந்தத் தூக்கத்தின் பங்கு இன்னும் அதிகம். வெளியுலகிலிருந்து அதிகம் கற்க முடியாத அந்த நாட்களில், மூளை தன்னைத்தானே பழக்கிக்கொள்ளும் வேலை இதில் நடக்கிறது என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

பிறந்த முதல் வாரங்களில் குழந்தைக்குப் பகலும் இரவும் ஒன்றுதான். உடலின் கடிகாரமாக வேலை செய்யும் மூளைப் பகுதி அப்போதே இருந்தாலும், அது இன்னும் ஓட்டம் பிடிக்கவில்லை. இருட்டியதும் சுரந்து தூக்கத்துக்கு வழிவிடும் மெலடோனின் சுரப்பு ஒழுங்குக்கு வர இரண்டு மூன்று மாதம் ஆகும். தாயின் இரவு நேரப் பாலில் மெலடோனின் இருக்கிறது. பகல் பாலில் அது இல்லையென்றே சொல்லலாம். வயிறு சிறியது என்பதால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பசிக்கும். 'ராத்திரி பகல் மாறிக்கிடக்கு' என்று வீட்டார் கவலைப்படும் இந்தக் காலத்தில் குழந்தையைத் திருத்துவதற்கு ஒன்றுமில்லை. பகலில் ஜன்னலைத் திறந்து வெளிச்சத்தில் வைத்திருப்பதும், இரவுப் பாலூட்டலை மங்கிய விளக்கில், பேச்சுக் கொடுக்காமல் முடிப்பதும் போதும். கடிகாரம் அந்த வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டுதான் நேரம் கற்கிறது.

இந்த வயதில் தூக்கத்தின் அளவைவிடத் தூங்கவைக்கும் விதம் முக்கியம். குழந்தை மல்லாந்து படுத்துத் தூங்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1992இல் அறிவுறுத்தியது. 1994இல் அது நாடு தழுவிய பிரசாரமானது. அதன் பிறகு, காரணம் தெரியாமல் தூக்கத்திலேயே குழந்தைகள் இறப்பது அங்கே பாதிக்கும் கீழாகக் குறைந்தது. மருந்தில்லை, கருவியில்லை; படுக்கவைக்கும் நிலையை மாற்றியதில் ஆயிரக்கணக்கான உயிர்கள் பிழைத்தன. படுக்கை சமமாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும். தலையணை, கனத்த போர்வை, பஞ்சு பொம்மை எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. தலை உருண்டையாக வரவேண்டுமென்று வைக்கும் கடுகுத் தலையணைக்கும் இது பொருந்தும். அந்த வகையில் தரையில் விரித்த பாயும் அதன்மேல் ஒரு பருத்தித் துணியும், மெத்தென்ற இரட்டைக் கட்டில் மெத்தையைவிட நல்ல படுக்கை. தாய் இருக்கும் அறையிலேயே குழந்தை தூங்குவது நல்லது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆனால் புகைபிடிப்பவர், மது அருந்தியவர், மயக்கம் தரும் மருந்து சாப்பிட்டவர் பக்கத்தில் படுப்பதும், சோபாவில் குழந்தையை மார்மேல் போட்டுக்கொண்டு கண்ணயர்வதும் ஆபத்தானவை.

புடவையில் கட்டும் தூளியின் தாலாட்டு, அழும் குழந்தையைச் சில நிமிடங்களில் அடக்கிவிடும். காரணம் காதின் உட்புறம் இருக்கும் சமநிலை உறுப்பு. ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் மெல்ல ஆடும் கட்டிலில் பெரியவர்களைப் படுக்கவைத்துப் பார்த்தபோது, அவர்களும் சீக்கிரம் தூங்கினார்கள், ஆழ்ந்தும் தூங்கினார்கள். ஆக, தூளியின் பலன் வெறும் நம்பிக்கையல்ல. ஆனால் கழுத்து நிற்காத குழந்தை தூளிக்குள் வளைந்து கிடக்கும்போது தாடை மார்பில் ஒட்டி மூச்சுக்குழல் மடங்கக்கூடும். கொஞ்சம் பெரிய பிள்ளைகள் தூளியில் ஏறிச் சுற்றி விளையாடும்போது புடவை கழுத்தில் முறுக்கிக்கொண்டு உயிர் போன செய்திகளும் வந்தபடியே இருக்கின்றன. தூங்கியதும் குழந்தையைப் பாய்க்கு மாற்றுவதும், ஆளில்லாத நேரத்தில் தூளியை அவிழ்த்துச் சுருட்டி வைப்பதும் தவறக் கூடாத பழக்கங்கள்.

நான்கு மாதத்தை ஒட்டிப் பெற்றோரைக் குழப்பும் ஒரு மாற்றம் வரும். அதுவரை நன்றாகத் தூங்கிய குழந்தை இரவில் மணிக்கொரு முறை எழத் தொடங்கும். பல் முளைப்பதையோ திருஷ்டியையோ காரணம் சொல்வார்கள். உண்மையில் தூக்கம் அப்போதுதான் பெரியவர்களைப் போல, லேசான தூக்கம், ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம் என்று தெளிவான படிகளாகப் பிரிகிறது. குழந்தைக்கு இந்தச் சுற்று 50 முதல் 60 நிமிடத்தில் முடிந்துவிடும். பெரியவர்களுக்கு அது 90 நிமிடம் அளவில் நீளும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் எல்லாரும் அரைகுறையாக விழிக்கிறோம், புரண்டு படுத்து மறுபடி தூங்கிவிடுகிறோம். குழந்தையோ எதைப் பிடித்துக்கொண்டு தூங்கியதோ அதையே ஒவ்வொரு விழிப்பிலும் தேடும். மார்பில் தூங்கியது மார்பையும், ஆட்டத்தில் தூங்கியது ஆட்டத்தையும் கேட்டு அழும். ஆறு மாதத்துக்குப் பிறகு, கண் சொக்கும் நேரத்தில், முழுக்கத் தூங்கிவிடும் முன்பே கீழே படுக்கவைத்துப் பழக்கினால் நடுநிசி அழைப்புகள் மெல்லக் குறையும். எட்டு ஒன்பது மாதத்தில் தாயைப் பிரியும் பயம் வரும்போது விழிப்புகள் மறுபடி கூடுவது இயல்பு, அதுவும் கடந்துபோகும்.

ஒரு நாளில் எவ்வளவு தூக்கம் வேண்டும்? நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை, பகல் தூக்கத்தையும் சேர்த்து 12 முதல் 16 மணி நேரம். ஒன்று, இரண்டு வயதில் 11 முதல் 14. மூன்று முதல் ஐந்து வரை 10 முதல் 13. ஆறு முதல் பன்னிரண்டு வரை 9 முதல் 12. பதின்ம வயதில் 8 முதல் 10. அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதெமி 2016இல் வகுத்த அளவுகள் இவை. நான்கு மாதத்துக்குக் கீழே அது அளவே சொல்லவில்லை. குழந்தைக்குக் குழந்தை அவ்வளவு வேறுபாடு. பிற வயதுகளிலும் இரண்டு முதல் நான்கு மணி நேர இடைவெளி விடப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு அஞ்சுவதற்கு இதில் இடமில்லை. காலையில் தானாக எழுகிறதா, பகலில் காரணமில்லாமல் எரிந்து விழாமல் இருக்கிறதா என்பவை எண்ணைவிட நல்ல அடையாளங்கள்.

விழித்திருக்கும் ஒவ்வொரு மணியும் மூளையில் தூக்கத்தின் அழுத்தத்தைச் சேர்த்துக்கொண்டே போகிறது. சின்ன வயதில் இது வெகு வேகமாகச் சேர்வதால்தான் நடுப்பகலைத் தூங்காமல் தாண்ட முடிவதில்லை. ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் பகலில் ஒரே ஒரு தூக்கத்துக்கு வந்துவிடுகின்றன. ஐந்து வயதுக்குள் பெரும்பாலோர் அதையும் விட்டுவிடுகிறார்கள். மாலை ஐந்து மணிக்குத் தூங்கவிட்ட மூன்று வயதுக் குழந்தை இரவு பதினொரு மணிவரை ஆட்டம் போடும். அது பிடிவாதமல்ல, அழுத்தம் இறங்கிப்போனதன் விளைவு. மாலைக் காபியும் இதையே செய்யும். அழுத்தத்தை உணர்த்தும் அடினோசினை மூளை உணராதபடி கஃபீன் மறித்துவிடுகிறது. ஒரு வாய் தானே என்று டம்ளரிலிருந்து ஊற்றிக் கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுவதே நல்லது.

பாலர் பருவத்தில் வீட்டையே கதிகலங்கவைக்கும் ஒன்று உண்டு. இரவு பத்து, பத்தரை மணி. தூங்கி ஒன்றிரண்டு மணி நேரம் ஆன நான்கு வயதுப் பிள்ளை வீறிட்டு எழுந்து உட்காரும். கண் திறந்திருக்கும், உடம்பெல்லாம் வியர்த்திருக்கும், நெஞ்சு படபடக்கும். தாய் கட்டிக்கொண்டால் அவளையே தள்ளிவிடும். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் தெரியாது. பேய் பிடித்ததென்றும் எதையோ பார்த்துப் பயந்ததென்றும் மந்திரிக்கக் கொண்டுபோகிறார்கள். ஆழ்ந்த தூக்கத்திலிருந்து மூளையின் ஒரு பகுதி மட்டும் விழித்து, மற்றது தூங்கிக்கொண்டிருக்கும் நிலை இது. உலுக்கி எழுப்புவது குழப்பத்தைத்தான் கூட்டும். விழுந்து அடிபடாமல் பக்கத்தில் காத்திருந்தால் சில நிமிடங்களில் தானாகப் படுத்துவிடும். காலையில் அதற்கு எதுவும் நினைவிருக்காது. கெட்ட கனவு வேறு. அது விடியலை நெருங்கும் நேரத்தில், கனவுத் தூக்கம் நீளும்போது வரும். பிள்ளை முழுக்க விழித்து, கண்டதைச் சொல்லி அழும், அணைத்தால் அடங்கும். முதல் வகைக்குப் பெரும்பாலும் தூக்கக் குறைவும் காய்ச்சலும் தூண்டுகோல்கள். படுக்கும் நேரத்தை அரை மணி முன்னே கொண்டுவந்தாலே பல பிள்ளைகளுக்கு நின்றுவிடுகிறது.

அந்த அரை மணியை முன்னே கொண்டுவருவதுதான் நம் வீடுகளில் கடினம். ஜோடி மின்டல் தலைமையில் 17 நாடுகளில் ஏறத்தாழ 29,000 சிறு குழந்தைகளைப் பற்றி நடந்த ஆய்வொன்று 2010இல் வெளியானது. நியூசிலாந்தில் குழந்தைகள் சராசரியாக இரவு ஏழரை மணிக்கும், ஹாங்காங்கில் பத்தேகால் மணிக்கும் படுத்தார்கள். ஆசிய நாடுகளில் பொதுவாகவே படுக்கை நேரம் பிந்தியும் மொத்தத் தூக்கம் குறைந்தும் இருந்தன. அப்பா வேலை முடிந்து வரும் நேரம், ஒன்பது மணிச் சாப்பாடு, கூடத்தில் ஓடும் தொடர், ஒரே அறையில் எல்லாருக்கும் படுக்கை என்று இங்கே குழந்தையின் இரவைப் பெரியவர்களின் இரவே தீர்மானிக்கிறது. வெளிச்சத்தின் பங்கும் பெரிது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் பாலர் வயதுக் குழந்தைகளைப் படுக்கைக்கு முந்தைய ஒரு மணி நேரம் பிரகாசமான ஒளியில் விளையாடவிட்டபோது, மெலடோனின் ஏறத்தாழ 88 சதவீதம் அடங்கிப்போனதாக 2018இல் வெளியான சிறிய ஆய்வொன்று காட்டியது. டியூப்லைட்டை அணைத்துச் சிறு விளக்கை ஏற்றுவது செலவில்லாத மருந்து. சாப்பாடு, முகம் கழுவுதல், கதை, படுக்கை என்ற வரிசை தினமும் மாறாமல் வந்தால், குழந்தையின் உடல் அந்த வரிசையைக் கொண்டே தூக்கத்துக்குத் தயாராகும்.

பள்ளி வயதில் தூக்கம் பொதுவாகத் தொல்லை தருவதில்லை. குறைந்தாலும் வெளியே தெரியாது என்பதுதான் சிக்கல். தூக்கம் போதாத பெரியவர் சோர்ந்து விழுவார். பிள்ளையோ துறுதுறுவென்று அலையும், கவனம் சிதறும். டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் அவி சாதே நான்காம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு பிரிவை மூன்று இரவுகள் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதலாகவும், இன்னொரு பிரிவை அதே அளவு குறைவாகவும் தூங்கச் சொன்னார். பிறகு வைத்த கவனச் சோதனையில் இரு பிரிவுக்கும் இருந்த இடைவெளி, அந்த இரண்டு வகுப்புகளுக்கு இடையே வயதால் வரும் வேறுபாட்டுக்குக் குறையவில்லை. வாய் திறந்து மூச்சு விட்டு, தினமும் குறட்டையோடு தூங்கும் பிள்ளைக்கு மூக்கின் பின்புற அடினாய்டு சதையோ டான்சிலோ வீங்கியிருக்கலாம். இரவெல்லாம் அதன் தூக்கம் துண்டு துண்டாக உடைகிறது. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டாமல் 'அப்பாவைப் போலவே குறட்டை' என்று விட்டுவிடக் கூடாது.

பதின்ம வயதில் உடலின் கடிகாரமே பின்னுக்கு நகர்கிறது. பிரவுன் பல்கலைக்கழகத்தின் மேரி கார்ஸ்கடன் பல பத்தாண்டுகளாக இதை ஆராய்ந்திருக்கிறார். பருவமடையும் காலத்தில் மெலடோனின் சுரப்பு இரவில் பிந்துகிறது, தூக்கத்தின் அழுத்தமும் முன்னைவிட மெதுவாகச் சேர்கிறது. ஒன்பது மணிக்குக் கண் சொருகிய பிள்ளைக்கு இப்போது பதினொரு மணிக்கும் தூக்கம் வராது. தேவையோ இன்னும் 8 முதல் 10 மணி நேரம் இருக்கிறது. படுத்தபின் கையில் இருக்கும் செல்போன் இந்தத் தாமதத்தை இன்னும் நீட்டுகிறது. இந்தச் சமயத்தில்தான் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் வருகின்றன. மாலை டியூஷன் முடிந்து எட்டரை மணிக்கு வீடு, வீட்டுப்பாடம் முடியப் பதினொன்றரை, விடியற்காலை நாலரைக்கு எழுப்பிக் கையில் காபி, ஏழு மணிக்குச் சிறப்பு வகுப்புக்குப் பேருந்து. விடியற்காலைப் படிப்பு மனதில் நிற்கும் என்று பெரியவர்கள் சொன்னது இரவு எட்டரைக்கே விளக்கணைந்த வீடுகளில். அன்று எழுந்த பிள்ளை எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தது. இன்று எழுப்பப்படும் பிள்ளை ஐந்து மணி நேரத்தில் எழுப்பப்படுகிறது. கனவுத் தூக்கத்தின் பெரும்பகுதி விடியலுக்கு முந்தைய மணிகளில் இருப்பதால் வெட்டுப்படுவதும் அதுவே. பகலில் படித்ததை மூளை நினைவில் நிலைப்படுத்துவது தூக்கத்தில் என்பதால், இரவைத் தின்னும் படிப்பு தன்னையே அழித்துக்கொள்கிறது. பொதுத்தேர்வு ஆண்டில் தூக்கத்தை வெட்டும் பள்ளிகளும் பெற்றோரும் பிள்ளைகளுக்கு நல்லது செய்வதாக நம்பியே தீங்கு செய்கிறார்கள்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2014இல், நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30க்கு முன் தொடங்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. 2019இல் கலிபோர்னியா மாநிலம் அதைச் சட்டமாக்கியது. 2022 ஜூலை முதல் அங்கே பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகள் 8.30க்கு முன் தொடங்குவதில்லை. பள்ளி நேரத்தை மாற்ற முடியாத வீட்டிலும் சிலவற்றைச் செய்யலாம். படிப்பை விடியலுக்கும் நள்ளிரவுக்கும் தள்ளாமல் மாலைக்குக் கொண்டுவரலாம்; செல்போனை வேறு அறையில் சார்ஜ் போடலாம்; எழுந்ததும் மொட்டைமாடி வெயிலில் சிறிது நேரம் நிற்கவைக்கலாம். காலை வெளிச்சம் கடிகாரத்தை முன்னே இழுக்கும். ஞாயிறன்று பகல் பதினொன்றுவரை தூங்கவிட்டால் கடிகாரம் மறுபடி பின்னுக்குப் போய், திங்கள் காலை இன்னும் கடினமாகும்; ஒன்றிரண்டு மணி நேரம் கூடுதலாகத் தூங்கவிடுவது போதுமானது. கடிகாரத்தின் இந்தப் பின்னோட்டம் இருபது வயதை ஒட்டி உச்சத்தைத் தொடுகிறது, பெண்களுக்குச் சற்று முன்பாகவே. அதன்பின் ஆண்டுக்கு ஆண்டு மெல்ல முன்னுக்குத் திரும்புகிறது.

(தொடரும்)