உங்களுக்குத் தெரியுமா? தங்கத்துக்குப் பிளாட்டினத் தோல்

தி.நகர் உஸ்மான் சாலையில் தங்கம் எடைக்கு விற்கிறது. வேதியியல்காரர்களுக்கோ எடை இரண்டாம்பட்சம், மேற்பரப்புதான் கணக்கு. ஒரு சவரன் (8 கிராம்) தங்கத்தை 10 நானோமீட்டர் விட்டமுள்ள உருண்டைகளாக்கி, அத்தனையின் மேற்பரப்பையும் கூட்டிப் பாருங்கள். ஏறத்தாழ 2,670 சதுர அடி வரும். ஒரு கிரவுண்டுக்கும் மேல்! அதே உஸ்மான் சாலையில் ஒரு கிரவுண்டு என்ன விலை என்று விசாரித்துவிட்டு மேலே படிக்கலாம். வினையூக்கம் முழுக்க மேற்பரப்பில்தான் நடக்கிறது. உள்ளே இருக்கும் அணுக்களுக்கு அதில் நேரடி வேலை இல்லை.

*

இந்த நானோ அளவில் தங்கத் துகள் மஞ்சளாக இருக்காது, சிவப்பாக இருக்கும். 520 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய பச்சை ஒளியை அது விழுங்கிவிடுவதுதான் காரணம். மருந்துக்கடையில் கிடைக்கும் கர்ப்பப் பரிசோதனை அட்டையில் தெரியும் இளஞ்சிவப்புக் கோடு பெரும்பாலும் இந்தத் தங்கம்தான். அந்தத் துகளுக்கு மேலே மெல்லிய பிளாட்டினத் தோல் போட்டால் அது ஒரு நொதியைப் போல நடந்துகொள்ளும். ஹைட்ரஜன் பெராக்சைடும் நிறமற்ற ஒரு சாயப்பொருளும் சேர்த்தால் போதும், கண்ணுக்கே படாத மங்கல் கோடும் பளிச்சென்று எழும்பும்.

*

செய்முறை பார்க்கவே ஒரு வேடிக்கை. முதலில் குடுவையை ராஜதிராவகத்தால் கழுவ வேண்டும். பழைய தங்கம் எங்காவது ஒட்டியிருந்தால் புதுத் தங்கம் அதன்மேல் வளர ஆரம்பித்துவிடும். பிறகு குளோரோஆரிக் அமிலத்தின் மிக நீர்த்த கரைசலைக் கொதிக்கவிட்டு சோடியம் சிட்ரேட் ஊற்றுவார்கள். வெளிர் மஞ்சள் காணாமல் போகும். சற்று நேரம் ஒன்றுமே நடக்காத மாதிரி நிறமற்ற தண்ணீராக நிற்கும். பிறகு சாம்பல் நீலம், கத்தரிப்பூ, கடைசியில் மாணிக்கச் சிவப்பு. 1951இல் டர்கெவிச் குழு ஆராய்ந்து எழுதிய இந்த முறை இன்றும் மாணவர்களின் முதல் பாடம். இதில் குளோரோபிளாட்டினிக் அமிலமும் வைட்டமின் சி-யும் சேர்த்துச் சூடாக்கினால் சிவப்பு மங்கிப் பழுப்பாகும், பிளாட்டினம் கூடக்கூடக் கறுக்கும். தோல் படிந்துவிட்டதற்கு முதல் சாட்சி இந்த நிறமாற்றம்தான்.

*

விலை உயர்ந்த பிளாட்டினத்தை வெளியே மட்டும் பூசி, உள்ளே மலிவான தங்கத்தை வைத்துச் சிக்கனம் பண்ணலாம் என்றொரு வாதம் இருந்தது. 2008 மார்ச்சில் பிளாட்டினம் தங்கத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் விற்றது. அன்றைக்கு அது நியாயம். 2015க்குப் பிறகு நிலைமை தலைகீழ். இப்போது யாராவது அதே வாதத்தைச் சொன்னால் சேதாரம், செய்கூலி கணக்கையும் சேர்த்துக் கேளுங்கள்.

*

இரண்டையும் சேர்ப்பதற்கு உண்மையான காரணம் வேறு. எரிபொருள் மின்கலத்தில் ஆக்சிஜன் பக்கம் உழைக்கும் பிளாட்டினம் மெல்ல மெல்லக் கரைந்துபோகும். 2007இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் ராடோஸ்லாவ் அட்ஜிக் குழு பிளாட்டினத்தின் மேல் தங்கத் திட்டுகளைப் படியவிட்டது. மின்னழுத்தத்தை 30,000 முறை ஏற்றி இறக்கியும் வினையூக்கி அநேகமாகத் தாக்குப்பிடித்தது. நம்மூரிலும் இந்தத் துறையில் ஆள் இருக்கிறார்கள்: தரமணி ஐ.ஐ.டி. ஆய்வுப் பூங்காவில் ஏ.ஆர்.சி.ஐ. நிறுவனத்தின் எரிபொருள் மின்கல மையம் இயங்குகிறது.

*

பாதிக்குப் பாதி தங்கமும் பிளாட்டினமும் உருக்கி மெதுவாக ஆறவிட்டால் இரண்டும் ஒட்டாமல் பிரியப் பார்க்கும். நானோ அளவில் அந்தப் பிடிவாதம் தளர்ந்து இரண்டும் கலந்துவிடும். கலந்திருக்கிறதா, தோலாகப் படிந்திருக்கிறதா? நகையின் மாற்றுப் பார்க்கும் எக்ஸ்-ரே இயந்திரத்தில் வைத்தால் விகிதம் மட்டும் தெரியும். எது உள்ளே, எது வெளியே என்று அறிய எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும்.

*

இதைவிட விநோதம் அடையாறு பக்கம் நடந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் டி. பிரதீப் குழு 25 தங்க அணுக்கள் கொண்ட கொத்தையும் 25 வெள்ளி அணுக்கள் கொண்ட கொத்தையும் கரைசலில் சும்மா கலந்தது. அடுப்பில்லை, அமிலமில்லை. கொத்துகள் தாமாகவே அணுக்களைக் கைமாற்றிக்கொண்டன. ஒவ்வொன்றிலும் எண்ணிக்கை 25 ஆகவே இருந்தது, அமைப்பும் குலையவில்லை. ஆய்வு வெளியான ஆண்டு 2016. இது வெள்ளி–தங்கக் கதை, பிளாட்டினம் இல்லை. ஆனாலும் இரு உலோகத் துகள் பற்றிப் பேசும்போது விட்டுவிட மனம் வரவில்லை.

*

தங்கம் 1,064 டிகிரியில் உருகும், பிளாட்டினத்துக்கு 1,768 டிகிரி செல்சியஸ் வேண்டும். கொலம்பஸ் வருவதற்கு முன்பே ஈக்வடாரின் லா டோலிடா ஆசாரிகள் பிளாட்டினத்தை உருக்காமலே வேலை செய்ய வழி கண்டுவிட்டார்கள். பிளாட்டின மணிகளோடு தங்கத்தூளைச் சேர்த்துச் சூடாக்கி, உருகிய தங்கத்தால் மணிகளை ஒட்டி, அடித்துத் தகடாக்கினார்கள்.

*

வேப்பிலைக் கஷாயத்திலும் இரு உலோகத் துகள் செய்யலாம். புனே தேசிய இரசாயன ஆய்வகத்தில் முரளி சாஸ்திரி குழு 2004இல் அப்படித்தான் தங்கத்தின்மேல் வெள்ளித் தோல் போட்டது. அதன்பின் துளசி, கற்றாழை என்று இலை இலையாகக் கட்டுரைகள் குவிந்தன. சுற்றுச்சூழலுக்கு நல்லதுதான். ஆனால் ஆடி மாத இலையும் பங்குனிக் கொழுந்தும் ஒரே சாறு தருவதில்லை. நேற்றைய அளவிலேயே நாளையும் துகள் வேண்டும் என்கிற தொழிற்சாலைக்கு சிட்ரேட் பாட்டில்தான் லாயக்கு.