மருந்துச் சீட்டில் பாலும் காய்கறியும்

டாக்டர் எழுதிக் கொடுக்கும் சீட்டில் என்ன இருக்கும்? மாத்திரை இருக்கும். டானிக் இருக்கும். ஊசி மருந்து இருக்கும்.

"பால், காய்கறி, இறைச்சி, பழம்" என்று ஒரு டாக்டர் சீட்டு எழுதினால்? அந்தச் சீட்டை மளிகைக் கடையில் நீட்டியதும் கடைக்காரர் காசு கேட்காமல் சாமான்களை எடுத்துக் கொடுத்தால்?

இது கதை அல்ல, உண்மையில் நடந்தது. அமெரிக்காவில், மிசிசிப்பி மாநிலத்தில், 1960-களின் பிற்பகுதியில் நடந்தது.

பருத்திக் காட்டில் பசி

மவுண்ட் பேயூ என்பது அங்கே உள்ள ஒரு சிற்றூர். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் 1887-ல் தாங்களே உண்டாக்கிக் கொண்ட ஊர். சுற்றிலும் பருத்திக் காடு. வாரத்துக்குப் பயிரிட்டும், பருத்தி எடுத்தும் தலைமுறை தலைமுறையாக வயிறு வளர்த்தவர்கள் அந்த வட்டாரத்து ஜனங்கள்.

பருத்தி எடுக்க இயந்திரம் வந்தது. களையைக் கொல்ல மருந்து வந்தது. கூலி ஆட்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. செல்வத்தில் உலகையே மிஞ்சிய நாட்டில், அடுப்பு எரியாத வீடுகள் பெருகின.

டாக்டர் ஜாக் கெய்கர், டாக்டர் கவுண்ட் கிப்சன் என்ற இருவரின் முயற்சியால் 1967-ல் அங்கே ஒரு சுகாதார நிலையம் திறக்கப்பட்டது. கெய்கர் மாணவராக இருந்தபோது, 1957-ல், தென் ஆப்பிரிக்காவில் போலேலா என்ற இடத்துக்குப் போய்ப் பயின்றவர். அங்கே சிட்னி கார்க், எமிலி கார்க் என்ற டாக்டர் தம்பதியர், நோயாளிகளுக்கு மருந்து கொடுத்ததோடு நிற்காமல் காய்கறித் தோட்டம் போடவும் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் பாடத்தைக் கெய்கர் மறக்கவில்லை.

மவுண்ட் பேயூவுக்குத் தூக்கி வரப்பட்ட குழந்தைகளுக்கு நோய் பல. ஆனால் அடிப்படை ஒன்றுதான்: பசி. வீட்டில் உணவு இல்லாத குழந்தைக்கு மருந்து கொடுத்து அனுப்பினால், அது மீண்டும் நோயோடுதான் திரும்பி வரும். ஆகவே டாக்டர்கள் உணவையே மருந்தாக எழுதினார்கள். கறுப்பின மக்கள் நடத்திய மளிகைக் கடைகள் சீட்டை வாங்கிக்கொண்டு சாமான் கொடுத்தன. பில் சுகாதார நிலையத்துக்கு வந்தது. மருந்து வாங்க ஒதுக்கிய பணத்திலிருந்து அது தீர்க்கப்பட்டது.

புகார் கிளம்பியது. மருந்துப் பணத்தில் மளிகையா என்று கேட்க ஓர் அதிகாரி வந்தார். மருந்துப் பணம் நோயைத் தீர்க்கத்தானே, மருத்துவப் புத்தகத்தில் சத்துக்குறைவு நோய்க்குச் சொல்லியிருக்கும் மருந்து உணவுதானே என்று கெய்கர் பதில் சொன்னார். அதிகாரிக்கு மறுபேச்சு இல்லை.

சீட்டு எவ்வளவு நாளைக்கு ஓடும்? அதற்கும் வழி கண்டார்கள். ஜான் ஹாட்ச் என்பவரின் துணையுடன் அந்த ஜனங்கள் 1968-ல் கூட்டுறவுப் பண்ணை அமைத்தார்கள். பருத்தி விளைந்த மண்ணில் சர்க்கரைவள்ளிக் கிழங்கும், காராமணியும், அவரையும், கீரையும் விளைந்தன.

டாக்டரின் இரண்டு கேள்விகள்

எலும்பும் தோலுமாக இருக்கும் குழந்தையைப் பார்த்தால் பசி என்று யாருக்கும் தெரியும். ஆனால் பசி எப்போதும் அப்படித் தெரிவதில்லை. மாதக் கடைசியில் பாலில் தண்ணீர் கூடுகிறது. தாய் தன் பங்கைக் குறைத்துக்கொள்கிறாள். வெறும் கஞ்சியோடு குழந்தை தூங்குகிறது. பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். கேட்டால் மானம் போகும் என்று தாயும் வாய் திறப்பதில்லை.

அமெரிக்காவில் பாஸ்டன் நகர ஆஸ்பத்திரியில் 1984-ல், எடை ஏறாத குழந்தைகளுக்கென்றே டாக்டர் டெபோரா ஃபிராங்க் ஒரு பிரிவைத் தொடங்கினார். 2001-ல் அந்த ஆஸ்பத்திரியிலேயே ஓர் உணவுக் கிடங்கு திறக்கப்பட்டது. டாக்டர் எழுதி அனுப்பினால், நோயாளியின் குடும்பம் அங்கே உணவுப் பொருள் பெற்றுக்கொள்ளலாம்.

2010-ல் ஆராய்ச்சியாளர்கள் இன்னொரு வழியைக் கண்டார்கள். வீட்டில் உணவுப் பஞ்சம் உண்டா என்று அறிய அந்நாட்டு அரசாங்கம் 18 கேள்விகள் வைத்திருந்தது. அதில் இரண்டே போதும் என்று காட்டினார்கள். கையில் அடுத்த பணம் வருமுன் உணவு தீர்ந்துவிடுமோ என்று கடந்த 12 மாதங்களில் கவலைப்பட்டதுண்டா? வாங்கிய உணவு போதாமல், மேலும் வாங்கப் பணமும் இல்லாமல் இருந்ததுண்டா? இவற்றில் ஒன்றுக்கு "ஆமாம்", "சில சமயம்" என்று பதில் வந்தாலும் டாக்டர் விழித்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கேள்விகளைக் குழந்தை வைத்தியர்கள் எல்லோரும் கேட்க வேண்டும் என்று அந்நாட்டுக் குழந்தை வைத்தியர் சங்கம் 2015-ல் பரிந்துரை செய்தது.

எல்லோரையும் கேட்பதில் ஒரு நயம் உண்டு. என்னை மட்டும் ஏன் கேட்டார்கள் என்று எந்தத் தாயும் கூச வேண்டியதில்லை.

நம் நாட்டில்

2019-21-ல் நடந்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 35 பேருக்கு மேல் வயதுக்கேற்ற உயரம் இல்லை. 19 பேருக்கு மேல் உயரத்துக்கேற்ற எடை இல்லை.

பசித்த குழந்தைக்கு எதிர்ப்புச் சக்தி குறைகிறது. வயிற்றுப்போக்கு வருகிறது. வந்ததும் சாப்பாடு பிடிப்பதில்லை. எடை மேலும் குறைகிறது. முதல் இரண்டு ஆண்டுகளில் இந்தச் சக்கரத்தில் மாட்டிக்கொண்டால், பின்னால் ஈடுகட்டுவது மிகவும் கடினம். மூளை வேகமாக வளரும் காலமும் அதுதான்.

இதற்காக நம் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையங்கள் நடக்கின்றன. 2011-ல் மத்திய அரசாங்கம் இவற்றுக்கு விதிமுறை வகுத்தது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் மேல்கையை நாடாவால் அளக்கிறார்கள். சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் ஆபத்து. இரண்டு பாதங்களும் வீங்கியிருந்தாலும் ஆபத்து. அப்படிப்பட்ட குழந்தைக்குப் பாலும் சர்க்கரையும் எண்ணெயும் அளவாகச் சேர்த்த உணவு சிறிது சிறிதாகக் கொடுக்கப்படுகிறது. உடன் தங்கும் தாய்க்குச் சாப்பாடும், கூலி இழப்புக்கு ஒரு தொகையும் உண்டு.

மும்பையில் தமிழர்கள் நிறைந்த தாராவியிலும் இந்தப் பணி நடந்திருக்கிறது. நிலக்கடலை, பால் பவுடர், சர்க்கரை, எண்ணெய் சேர்த்த சத்துக் களிம்பைத் தயாரித்து, இளைத்த குழந்தைகளுக்குக் கொடுத்தது சயான் ஆஸ்பத்திரியின் பிரிவு.

ஆனால், மையத்திலிருந்து தேறி வரும் குழந்தை திரும்பிப் போவது அதே வீட்டுக்குத்தான். அங்கே அரிசி டப்பா காலியாக இருந்தால் தேறியதெல்லாம் வீணாகிவிடும். மிசிசிப்பியில் டாக்டர்கள் கண்டதும் இதைத்தான்.

வெளி மாநிலத் தமிழர் கவனிக்க

ஊர்விட்டு ஊர் வந்து பிழைக்கும் குடும்பங்களுக்கு இந்தத் தொல்லை இரட்டிப்பு. ரேஷன் கார்டு ஊரில், பிள்ளை இங்கே. பக்கத்து அங்கன்வாடியில் பேசும் மொழி வேறு.

முதலில் அங்கன்வாடி. 2013-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் அங்கே இலவச உணவு பெற உரிமை உண்டு. சொந்த மாநிலம் எது என்ற பேதம் சட்டத்தில் இல்லை. அங்கன்வாடியே இல்லாத குடியிருப்பில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் 40 பேர் இருந்தால், கேட்டுப் பெறலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு 2006-ல் உத்தரவிட்டது.

அடுத்து ரேஷன். "ஒரே நாடு ஒரே ரேஷன்" திட்டத்தில் தமிழ்நாடு 2020-ல் சேர்ந்தது. 2022-க்குள் எல்லா மாநிலங்களும் சேர்ந்துவிட்டன. ஆனால் ஒரு சிக்கல். தமிழ்நாட்டு ஸ்மார்ட் கார்டில் பி.எச்.எச். அல்லது ஏ.ஏ.ஒய். என்று இருந்தால்தான் வெளி மாநிலக் கடையில் கைரேகை வைத்துத் தானியம் வாங்க முடியும். என்.பி.எச்.எச். என்று இருந்தால் இங்கே செல்லாது. தமிழ்நாட்டில் கிடைக்கும் பருப்பும் பாமாயிலும் எந்தக் கார்டுக்கும் இங்கே கிடைக்காது. பி.எச்.எச். கார்டில் ஒரு வசதி: குடும்பம் பிரிந்திருந்தால் ஒரு பங்கை இங்கும், மீதியை ஊரிலும் வாங்கலாம்.

கடைசியாக, டாக்டர் அறை. தடுப்பூசி போடும்போது தரும் தாய்-சேய் அட்டையில் எடைக் கோடு போட இடம் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் எடை பார்த்துக் குறிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். கோடு மேலே ஏறாமல் படுத்துவிட்டால், குழந்தை சிரித்து விளையாடினாலும் அது எச்சரிக்கைதான்.

கூட்டம் நிறைந்த ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தைக்கு டாக்டர் தரும் நேரம் சில நிமிஷம். தாய்க்கு அந்த ஊர் மொழி வராது என்றால் அந்தச் சில நிமிஷமும் போயிற்று. பாஷை தெரிந்த தகப்பனார் அன்று அரைநாள் லீவு போட்டாவது கூடப் போவது நல்லது. டானிக் எழுதினால், அந்தக் காசுக்கு முட்டையும் நிலக்கடலையும் பயறும் வாங்கிக் கொடுக்கலாமா என்று தயங்காமல் கேட்கலாம்.

இங்கே எந்த டாக்டரும் அந்த இரண்டு கேள்விகளைக் கேட்காமல் போகலாம். கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும்: "மாதக் கடைசியில் பிள்ளைக்குப் பால் போதவில்லை, டாக்டர்." காய்ச்சலையும் இருமலையும் சொல்வதுபோல இதையும் சொல்ல வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நோயைச் சொன்னால்தான் மருந்து கிடைக்கும்.